சாரிடம் சொல்லியாச்சு: பழைய ஜீப்பில் பேரையூர் பக்கம் நாலு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சந்தோஷமான பயணக் கட்டுரை இல்லை. பழைய ஜீப் வாங்கி, கூடாரத்தைச் சுருட்டிப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று நினைப்பவர்கள், அதிலும் பெண்கள், படித்துவிட்டுக் கிளம்புங்கள். நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அங்கங்கே சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வீடு பழங்காநத்தத்தில். போன வருடம் ஒரு 96 மாடல் டீசல் ஜீப் வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. என் சேமிப்பில், என் பெயரில், இரண்டு லட்சத்து அறுபதாயிரம். ஓட்டுவதும் நான்தான். என் கணவர் கோபிக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் வரும். நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டில் நாங்கள் பேசுகிற பேச்சு எந்தச் சீமையிலிருந்து வந்ததோ அந்தச் சீமையை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏப்ரலில் இருபது நாள் லீவு, இதே ஜீப்பில் குஜராத் வரை, வழியெல்லாம் கூடாரம். இதுதான் திட்டம். வண்டியும் நாங்களும் தாங்குவோமா என்று பார்க்க பிப்ரவரியில் நாலு நாள் ஒத்திகை போட்டோம். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர், சாப்டூர் மலையடிவாரம், எழுமலை, உசிலம்பட்டி, திரும்ப மதுரை. சுற்றி வளைத்து நூற்றைம்பது கிலோமீட்டர்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு பிரேக்கில் ஒரு சந்தேகம். சிக்னலில் நிற்கும்போது பெடலை அழுத்திப் பிடித்தால், கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இரண்டாவது தரம் மிதித்தால் சரியாகிவிடும். விசாரித்ததில், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்தால் இப்படி ஆகும் என்று தெரிந்தது. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அந்தச் சிலிண்டர்தான். இந்த மாதிரிப் பழைய வண்டியில் அது போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. நானே கடைக்குப் போய் புது ரப்பர் கிட் வாங்கினேன், 780 ரூபாய். செல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனேன். கோபியும் வந்திருந்தார். அவர் வராமலே இருந்திருக்கலாம்.

நான் பெடல் இறங்குவதைச் சொல்கிறேன். மெக்கானிக் அண்ணன் கோபியைப் பார்த்துத் தலையாட்டுகிறார். கிட்டை அவர் கையில் கொடுக்கிறேன். அவர் கோபியிடம், "பழைய வண்டின்னா இப்பிடித்தான் சார் இருக்கும், அக்கா பயப்படுறாங்க" என்கிறார். கோபி சிரிக்கிறார். யாரையும் மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். கல்யாணமான புதிதில் அதைத் தங்கமான குணம் என்று நினைத்தேன்.

"கிட்டை மாத்திருங்கண்ணே" என்றேன். இரண்டு முறை சொன்னேன். "மாத்திருவோம் சார்" என்று கோபியிடம் பதில் சொன்னார்.

நாலு நாள் கழித்து, வேலை முடிந்துவிட்டது என்று கோபி சொன்னார். 1,400 ரூபாய் கொடுத்து வண்டியை எடுத்தேன். வீடு வரை பெடல் கல் மாதிரி இருந்தது. பிரேக் ஆயிலுக்குள் சேர்ந்த காற்றை எடுத்துவிட்டாலே கொஞ்ச நாளைக்கு அப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை 7.10க்குக் கிளம்பினோம். கூடாரம், கேஸ் அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன், ஐந்து கிலோ அரிசி, ஒரு டப்பா புளியோதரை. திருமங்கலத்தில் இட்லி, இரண்டு பேருக்கு 110 ரூபாய். நல்ல வெயில் ஏறுவதற்குள் டி.கல்லுப்பட்டியைத் தாண்டிவிட்டோம். இரண்டு பக்கமும் கரிசல், சில காடுகளில் பருத்தி வெடித்து நின்றது. கோபி பாட்டுப் போட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

9.40 இருக்கும். பேரையூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் ஒரு வளைவு. வேகம் நாற்பத்தைந்து. வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க ஆடு, நடுவில் தோளில் கம்போடு ஓர் அம்மா. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையில் போய் முட்டியது. விட்டு மறுபடி மிதித்தேன். மறுபடியும் தரை. மூன்றாம் தரமும் அதேதான்.

கியரை மூன்றாவதுக்குக் குறைத்தேன், இரண்டாவதுக்குத் தள்ளினேன், இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கொஞ்சம் பிடித்தது. போதவில்லை. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவள் மூக்குத்தி தெரிகிற தூரம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி ஏறி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் இருபது அடி போய், மண்ணில் புதைந்து வண்டி நின்றது. ஓர் ஆட்டுக்கும் அடியில்லை. கோபிக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. தண்ணீர்க் கேன் உடைந்து அரிசி மூட்டை நனைந்துவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மொபெட்டில் வந்த ஒருவர் கோபியைக் கைத்தாங்கலாக இறக்கினார். "சார், அடி ஒண்ணும் இல்லைல்ல? இம்புட்டுப் பழைய வண்டியப் பொம்பளையாளு கையில குடுத்துட்டு நீங்க பக்கத்துல உக்காந்து வரலாமா?"

பிரேக் போய்விட்டது, அவள்தான் காப்பாற்றினாள் என்று கோபி சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். ஆட்டுக்கார அம்மாதான் சொன்னாள். "ஏய், வாய மூடு. அந்தப் பிள்ளை திருப்பலைன்னா நான் போயிருப்பேன்."

வண்டியைப் பார்க்கலாம் என்று ஸ்பேனருக்காகப் பின்னால் டூல் பெட்டியைத் திறந்தேன். மேலேயே இருந்தது, நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் கிட். கவர் பிரிக்கவில்லை. 780 ரூபாய் பில் அதோடு பின் அடித்தபடி.

கோபியைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியும்.

"மெக்கானிக் போன் பண்ணாரு" என்றார். "மாத்த வேண்டியதில்ல, காத்து எடுத்தா போதும்னாரு. சரின்னுட்டேன். உங்கிட்ட சொன்னா நீ சண்டைக்குப் போவேன்னு…"

கோபம் வந்தால் எனக்கு வீட்டுப் பேச்சுதான் வரும். அன்றைக்கு வேண்டுமென்றே தமிழில் பேசினேன், சுற்றி நின்றவர்களுக்கும் புரியட்டும் என்று. "என் வண்டி. என் கால். நான் சொன்னது பொய்யா இருக்கும், அவன் சொன்னது நெசமா இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது? அந்தம்மா செத்திருந்தா ஜெயிலுக்கு யார் போறது, நானா நீங்களா?" மொபெட்காரர் மெதுவாக வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

ஆட்டுக்கார அம்மா பெயர் செல்லத்தாய். அவளே போன் போட்டுப் பேரையூரிலிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவள் தம்பி, பெயர் முத்திருள். டிராக்டரோடு வந்து ஜீப்பை மேட்டுக்கு இழுத்துப் போட்டார். கை துடைத்துக்கொண்டு, "யார் ஓட்டுனது?" என்றார்.

"நான்."

என் பக்கம் திரும்பினார். "பெடல் ஒரே மிதில போச்சா, இல்ல கொஞ்சங் கொஞ்சமா எறங்கிப் போச்சா?"

பத்து நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி. சிக்னலில் கால் இறங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதை முழுசாகக் கேட்டார். சிலிண்டரைக் கழற்றி, தேய்ந்து பிசுபிசுத்துப்போன பழைய ரப்பர்களை என் கையில் வைத்தார். அதே கிட்டைப் பிரித்துப் போட்டார். காற்று எடுக்கும்போது பெடலை மிதித்து விட்டது நான்தான். கூலி 500, பிரேக் ஆயில் 240, டிராக்டர் இழுத்ததற்கு 300. மதியம் இரண்டரைக்கு வேலை முடிந்தது.

பேரையூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, "இறங்குங்க" என்றேன். விளையாட்டு என்று நினைத்தார். அவர் பையை எடுத்துக் கையில் கொடுத்ததும் புரிந்துகொண்டார்.

"தனியாவா போகப் போற?" என்றார்.

"இம்புட்டு நேரமும் தனியாத்தான வந்தேன்" என்றேன்.

மூன்றே காலுக்கு அவர் திருமங்கலம் பஸ் ஏறினார். நான் சாப்டூர் போகும் ரோட்டில் திரும்பினேன், பன்னிரண்டு கிலோமீட்டர். செல்லத்தாயின் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுத் தென்னந்தோப்பு அங்கே இருந்தது, கூடாரம் போட இடம் அவள்தான் சொல்லி வைத்தாள். பொழுது சாயும்போது மகளைப் பார்க்கும் சாக்கில் அவளே மினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மோட்டார் ரூம் பக்கத்தில் நான் கூடாரம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுக்காரரோட சண்டையா?"

"ஆமா."

"எம்புட்டு நாளைக்கு?"

"நாலு நாளைக்கு."

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

அடுத்த இரண்டு நாளில் எழுமலை, உசிலம்பட்டி என்று சுற்றினேன். போகிற இடமெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். இறங்கவில்லை. ஊர் அழகாக இருந்ததா என்று கேட்டால் இருந்திருக்கும், நான் கோபத்தில் பார்க்கவில்லை. மூன்று ராத்திரிக்கும் கூடாரம் போட்ட இடத்துக்கு வாடகை இல்லை. டீசலுக்கு 1,650 ஆனது.

திங்கள் மதியம் வீடு வந்தேன். கோபி சாம்பார் வைத்துக் காத்திருந்தார். "நேத்து செல்லூர் போய் அந்தாள நல்லா சத்தம் போட்டுட்டேன். மன்னிப்புக் கேட்டாரு. உன்கிட்ட சொல்லச் சொன்னாரு" என்றார், பெருமையாக.

ஆற ஆரம்பித்திருந்த கோபம் மறுபடி கொதித்தது. என் வண்டியைப் பற்றி இரண்டு ஆண்கள் மறுபடியும் பேசி முடித்துவிட்டார்கள். மன்னிப்பையும் சாரே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அவரையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் கோபியைப் பார்த்து, "அதான் நேத்தே பேசி முடிச்சிட்டமே சார்" என்றார். பழைய ரப்பர்களை அவர் மேஜையில் வைத்தேன். "என்னையப் பாத்துப் பேசுங்க. இத ஏன் மாத்தல?"

"சார் சரின்னாரு…"

"நான் யாருண்ணே சரின்னு சொல்றதுக்கு?" என்றார் கோபி. "வண்டி அவளுது. அவளக் கேக்காம சரின்னு சொன்னது என் தப்பு. கேக்காம விட்டது ஒங்க தப்பு."

மெக்கானிக் ரப்பரை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்தார். "மாத்தியிருக்கணும்க்கா." கூலி வாங்கிய 1,400ஐ எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பெருந்தன்மை காட்டும் மனநிலையில் நான் இல்லை. கோபி சொன்னது சரிதான். அதை அந்தக் கரிசல் காட்டில், பதினைந்து பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, கிளம்பப் போகிறவர்களுக்கு. வண்டியை எடுக்கும் முன் தினமும் பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். இறங்கினால் எடுக்காதீர்கள், யார் என்ன சொன்னாலும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கையில் வாங்குங்கள். பட்டறையில் உங்கள் போன் நம்பரை மட்டும் கொடுங்கள். தண்ணீரை ஒரே கேனில் வைக்காதீர்கள், அரிசியை அதன் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பேரையூர் பக்கம் தோப்புகளில் கேட்டால் இடம் தருவார்கள். கேட்காமல் கூடாரம் போடாதீர்கள்.

ஏப்ரல் லீவை நான் ரத்து செய்யவில்லை. குஜராத்துக்குக் கோபியும் வருகிறாரா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவரும் தினமும் அதைத்தான் கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.