மெழுகு பூசிய பலகை

கம்பெனியில் வார்ப்பு அச்சுக்கு மெழுகு தேய்க்கும்போதெல்லாம், பென்னலூர் வீட்டில் அக்கா என் சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசிய மத்தியானங்கள் மூக்கில் ஏறிக்கொள்கின்றன. பெரியவளானதும் அவளை வெளியே விடுவதை அம்மா நிறுத்திவிட்டாள். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பலகையின் அடியில் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் உருக்கி இழுத்து, பழந்துணியால் பளபளவென்று தேய்த்துத் தருவாள். நான் ஏரிக்கரைப் புல்லில் வழுக்கி இறங்குவதை ஜன்னலிலிருந்தே பார்ப்பாள்.

அடுத்த வருஷம் நானும் பெரியவளாகி வீட்டுக்குள் உட்கார்ந்தேன். அந்தக் கோடையில் புதுக் கம்பெனிக்காகக் கரையைப் புல்டோசர் இடித்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"இடிக்கட்டும்டி. இனிமே யாரு சறுக்கறாங்கன்னு பாத்துக்கினு குந்தத் தேவயில்ல" என்றாள்.