படுத்தபடியே டார்ஜிலிங்: ராணுவ லாரியில் கட்டிய படுக்கையறை

எழுபதுகளின் கடைசியில், ஒரு நவம்பர் மாதம், நானும் என் கணவரும் கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங்குக்கு எங்கள் சொந்த லாரியில் போனோம். வழி முழுவதும் நான் படுத்துக்கொண்டே போனேன். லாரியின் பின்பக்கத்தை வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இப்போது எனக்கு எழுதுகிறார்கள். எந்த வண்டி வாங்கலாம், உள்ளே என்ன வைக்கலாம் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வண்டிதான். அதைச் சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வயதில் எனக்கு முதுகெலும்பில் காசநோய் வந்தது. பவானிபூரில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் ஒன்றரை வருடம் மல்லாந்து கிடந்தேன். மருந்தில் குணமாகிவிட்டது. ஆனால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் நடக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் படுக்கலாம், அரை மணிக்கு மேல் மட்டும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாரும் வங்காளிகள். பூஜை விடுமுறை வந்தால் போதும், ஹோல்டால் படுக்கைச் சுருளும் குரங்குக் குல்லாயுமாகப் பாதிக் கட்டடம் டார்ஜிலிங் கிளம்பிவிடும். திரும்பி வந்ததும் கீழ் வீட்டு பௌதி, அதாவது அண்ணி, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள். "காஞ்சன்ஜங்கா பாக்காதவங்க எல்லாம் எதுக்குப் பொறந்தாங்க!" என்பாள். சொன்ன பிறகுதான் எதிரில் படுத்திருப்பது யார் என்பது உறைக்கும். நாக்கைக் கடித்துக்கொள்வாள். எனக்குக் கோபம் வராது, ஆசைதான் வரும்.

ரயிலில் பெர்த் இருக்கிறதே என்பீர்கள். பகலில் அந்த பெர்த்தில் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மேல் பெர்த்தில் ஏற என்னால் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரயிலை விட்டு இறங்கிய பிறகு மலை ஏறுவதற்கு ஜீப், இல்லாவிட்டால் சின்ன ரயில். இரண்டிலும் உட்கார்ந்துதான் போக வேண்டும்.

என் கணவர் நடராஜன் ஒரு டீ கம்பெனியில் போக்குவரத்துப் பிரிவில் இருந்தார். லாரி ஓட்டுவார், லாரிக்காரர்களை எல்லாம் தெரியும். ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "சரோ, கட்டிலையே வண்டியில ஏத்திட்டா என்ன?" என்றார்.

மூன்று வண்டிகள் பார்த்தோம். முதலாவது ஒரு பழைய சரக்கு லாரி. உள்ளே தாராளமாக இடம் இருந்தது, ஆனால் அந்த நீளம் மலை வளைவுகளில் ஒரே திருப்பில் திரும்பாது. இரண்டாவது, ஆஸ்பத்திரி ஒன்று விற்ற ஆம்புலன்ஸ். விலை குறைவு, ஸ்ட்ரெச்சர்கூடத் தயாராக இருந்தது. அவருக்கு அதுதான் பிடித்தது. நான் கதவைத் திறந்து பார்த்தேன், அந்த ஆஸ்பத்திரி வாசனை வந்தது. "இதுல நான் ஏற மாட்டேங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ ஏறிட்டேன்" என்றேன். அவர் கதவைச் சாத்தினார். மூன்றாவது, ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு டன் லாரி. குட்டையானது, நான்கு சக்கரமும் இழுக்கும். பதினோராயிரத்துக்கு எடுத்தோம். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்பது பிறகு தெரிந்தது.

பாடி கட்டியவர் எங்கள் பகுதியிலேயே பட்டறை வைத்திருந்த ஒரு சர்தார்ஜி. மினி பஸ் கட்டுகிறவர். மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு, கூரை எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வு. படுக்கையை நீளவாட்டில் போட்டு, தலையை டிரைவர் பக்கமும் காலைப் பின்கதவுப் பக்கமும் வைக்கச் சொன்னேன். பின்கதவில் ஒரு பெரிய கண்ணாடி கேட்டேன்.

"பக்கத்துல வையுங்க பஹன்ஜி, காத்து வரும்" என்றார் அவர் இந்தியில்.

"பக்கத்துல வெச்சா நான் கழுத்தைத் திருப்பணும். எனக்கு நேரா வேணும்."

பட்டறையில் ஒரு பெஞ்சைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். நான் கையை நீட்டி "இங்கேருந்து இது வரைக்கும்" என்று சொல்ல, சர்தார்ஜி கதவுச் சட்டத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். தலையணையில் தலை வைத்துப் பார்த்தால் வானமும் தெரிய வேண்டும், சாலையும் தெரிய வேண்டும். கோடு அப்படித்தான் விழுந்தது.

பிறகு சின்னச் சின்ன வேலைகள். மண்ணெண்ணெய் ஸ்டவ் நகராமல் இருக்க இரும்புச் சட்டம், தண்ணீர் டிரம், பக்கெட் வைத்த கக்கூஸ் நாற்காலி, அதைச் சுற்றித் திரை. நான் டிரைவரைக் கூப்பிடுவதற்காகக் கல்கத்தா பஸ்ஸில் கண்டக்டர் இழுக்கிற மாதிரிக் கயிறும் மணியும். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ.

முதல் ஓட்டத்தில் நான் அலறிவிட்டேன். பாரம் ஏற்றுவதற்காகச் செய்த ராணுவ ஸ்பிரிங், காலி வண்டியைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டது. சர்தார்ஜி பின் ஸ்பிரிங்கிலிருந்து இரண்டு பட்டைகளை உருவினார். என் கணவர் படுக்கைக்கு அடியில் மணல் மூட்டைகளை அடுக்கினார். அப்போது பவானிபூரில் மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளங்களில் என்னை ஏற்றி இறக்கி, நான் "போதும்" என்று சொல்லும் வரை மூட்டைகளைக் கூட்டிக்கொண்டே போனார்.

கல்கத்தாவிலிருந்து சிலிகுரி ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். மூன்று நாளில், மெதுவாகப் போனோம். நான் கண்ட வங்காளம் முழுவதும் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த வங்காளம்தான். கடந்த பிறகுதான் எதுவும் எனக்குத் தெரியும். சணல் ஏற்றிய மாட்டு வண்டிகள், குளத்தங்கரைகள், எங்களைத் துரத்திக் களைத்து நின்ற நாய்கள். ஃபராக்காவில் கங்கை அணைமீது ஏறியபோது திடீரென்று சக்கரச் சத்தம் மாறியது. சாலையின் இரு பக்கமும் தண்ணீர். கரை தெரியவே இல்லை. ஒன்றரை வருடம் பார்த்த கூரைக்குப் பதிலாக இவ்வளவு தண்ணீரா என்று மூச்சு நின்றுவிட்டது. அணை முடியும் வரை கண்ணை இமைக்கக்கூடப் பயந்தேன்.

சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் பெரிய தவறு அங்கேதான் தெரிந்தது. ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்க, நான் மெத்தையோடு கதவை நோக்கிச் சறுக்கினேன். கதவில் காலை ஊன்றிக்கொண்டால் முதுகில் கத்தி பாய்ந்தது. மணி அடித்தேன். அவர் ஓடி வந்து பார்த்து, கால்மாட்டில் தலையணைகளை வைத்து வேட்டியால் இறுக்கிக் கட்டினார். பாதி மலையில், குர்சியாங்கில், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திரும்பிடலாம் சரோ. உன் முதுகவிட மலை பெரிசில்ல" என்றார்.

"பெரிசா இல்லையான்னு பாத்துட்டுச் சொல்றேன். எடுங்க வண்டிய" என்றேன்.

டார்ஜிலிங்கில் மூன்று நாள் இருந்தோம். மூன்று நாளும் மேகம். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. நாலாம் நாள் காலை அவருடைய லீவு கணக்குப்படி கிளம்பியாக வேண்டும். அவர் ஸ்டவ்வைத் துடைத்து உள்ளே வைத்தார்.

டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பினாலும் கூம் என்ற ஊர் வரை சாலை ஏற்றம்தான். வண்டியின் முதுகு, காஞ்சன்ஜங்கா இருக்கிற வடக்குப் பக்கம் இருந்தது. மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடி வெளுத்தது, பிறகு நீலமானது. கீழே ஊர் தெரிந்தது. ஊருக்கு மேலே மேகம், அதற்கு மேலே நீலம். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நீலத்துக்கும் மேலே, வானத்தில் எதுவும் இருக்க நியாயமில்லாத உயரத்தில், ஒரு வெள்ளைச் சுவர் நின்றுகொண்டிருந்தது. மேகம் என்றே எண்ணினேன். அது நகரவில்லை. அதில் நிழல்கள் இருந்தன, மடிப்புகள் இருந்தன.

கயிற்றை இழுத்தேன். எத்தனை முறை இழுத்தேன் என்று தெரியாது.

அவர் பதறிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். "என்னாச்சு? வலிக்குதா?" நான் அவருக்குப் பின்னால் கையைக் காட்டினேன். திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

கதவு திறந்ததும் கண்ணாடிச் சட்டம் விலகிவிட்டது. நான் பார்த்தது ஒரு துண்டுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. "என்னை இறக்குங்க" என்றேன். எங்களிடம் இருந்தது கடைசி நேரத்தில் அவசரமாகச் செய்த ஓர் ஆட்டமான மர ஏணி. அவர் ஏணியைத் தொடையால் அழுத்திப் பிடிக்க, அவர் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். காலுக்குக் கீழே குளிர்ந்த இரும்பு. தண்டவாளம்.

அந்தச் சாலையை ஒட்டியே சின்ன ரயிலும் ஓடுகிறது. அவசரத்தில் வண்டியின் வாலைத் தண்டவாளத்தின் மேலேயே நிறுத்தியிருந்தார். ஊர்ப் பக்கத்திலிருந்து புகையும் விசிலுமாக ரயில் ஏறி வந்து எங்களை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. என்ஜின் டிரைவர், ஒரு நேபாளி, தலையை நீட்டி "காடி ஹடாவ்!" என்று கத்தினார். வண்டியை எடு என்று.

என் கணவர் வண்டிப் பக்கம் ஓடினார். நான் நகரவில்லை. நகர முடியவில்லை என்பதே சரி. டிரைவர் இறங்கி என்னிடம் வந்தார். என் இடுப்பு பெல்ட்டையும், திறந்திருந்த கதவுக்குள் கட்டிலையும் பார்த்தார். நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று அவரும் திரும்பிப் பார்த்தார்.

"முதல் தடவையா?" என்று இந்தியில் கேட்டார்.

தலையாட்டினேன்.

"பத்து நாளா இது இல்ல. இப்பதான் வருது" என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்வது போல. பிறகு என் கணவரைப் பார்த்து, "இருங்க, எனக்கும் என்ஜினுக்குத் தண்ணி பாக்கணும்" என்று என்ஜினைத் தட்டிக்கொண்டு திரும்பினார். ரயிலில் இருந்தவர்கள் சிலர் இறங்கி வந்து எங்களோடு நின்றார்கள். நான் அழுதேனா என்று நினைவில்லை. முதுகு வலிக்கிறதா என்று தேடிப் பார்த்தது நினைவிருக்கிறது. வலி இருந்தது. எங்கேயோ தூரத்தில், வேறு யாருக்கோ இருப்பது போல இருந்தது.

"பெரிசுதான்" என்றேன்.

"ஆமா" என்றார் என் கணவர்.

இப்போது கேட்டவர்களுக்கு. வண்டியைக் குட்டையாக எடுங்கள். காலி வண்டியில் ஸ்பிரிங் எப்படி உதைக்கிறது என்று உங்கள் ஊரின் மோசமான சாலையில் படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பாடி கட்டுங்கள். படுக்கையின் கால்மாட்டில் ஒரு பலகை கட்டாயம் வேண்டும். மலைக்கு நவம்பரில் போங்கள், மேகத்துக்காக இரண்டு நாள் லீவு கூடுதலாகப் போடுங்கள். படுக்கை, ஜன்னல், அடுப்பு என்று உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் நாங்கள் யோசித்து யோசித்துச் செய்தோம். ஏணியை மட்டும் யோசிக்கவே இல்லை. நீங்கள் நல்ல அகலமான படியாக, ஆடாமல், கைப்பிடியோடு செய்யுங்கள். இறங்காமல் இருக்க முடியாத இடம் ஒன்று வரும்.