பதினெட்டாயிரம் ரூபாய்ச் சான்றிதழும் ஒரு வரப்பும்

இன்று நன்னிலத்திலிருந்து தஞ்சாவூர் வரும் பஸ்ஸில், சமுதாயக் கல்லூரி விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நிலவரைபடம் தயாரிக்கக் கற்றுத்தரும் ஓராண்டுச் சான்றிதழ். கட்டணம் பதினெட்டாயிரம். சென்னையில் வேலை கிடைத்தாலும் பாதிச் சம்பளம் விடுதிக்கே போய்விடும்.

"இதப் படிச்சா என்ன தம்பி வரும்?" என்றார் பக்கத்து சீட்டு விவசாயி.

பதிலுக்கு, "உங்க வயல் சர்வே நம்பர் சொல்லுங்க" என்று போனைத் திறந்தேன். செயற்கைக்கோள் படத்தின் மேல் அவர் வயலின் எல்லைக்கோடு தெரிந்தது.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வரப்பு செதுக்குறேன்னு வருஷா வருஷம் ஒரு மம்பட்டி அளவு எங்கண்ணன் என் பக்கம் வந்துட்டாரு. பத்து வருஷமா பேச்சே இல்ல. நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்த்தேன். கோட்டைத் தாண்டி அண்ணன் பக்கம் போயிருந்தது இவருடைய நடவு.

அவர் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "இது தப்பாக்கூட இருக்கலாம்ல?"

"இருக்கலாங்க. எவ்வளவு தப்புன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தப் படிப்பு."

இறங்கும்போது சொன்னார்: "படிங்க தம்பி. எங்க ஊருப் பக்கம் மட்டும் வேலைக்கு வந்துடாதீங்க."

பணம் கட்டலாமா, சொல்லுங்கள். வயலுக்குப் பக்கத்தில் பங்காளி உள்ளவர்களின் கருத்துக்கு முன்னுரிமை.