கன்னத்தில் வரைந்த புள்ளி

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஹோம் ஹில் ஊரில் தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, நரெல் டக்வெல் இடது கன்னத்தில் புருவப் பென்சிலால் ஒரு கரும்புள்ளியை வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதம் பாடுபட்டு மங்கவைத்த புள்ளி அது. அதைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறவள் குயின்ஸ்லாந்து முழுவதிலும் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேறு யாராவது செய்திருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி கண்ணாடிக்குக் குனிந்தாள்.

ஒன்பதரை மணிக்குத் தோல் பரிசோதனை வண்டிக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து மைதானத்து ஓரம் நிற்கும் அந்த வெள்ளை வண்டி. அதற்குள் டாக்டர் ஹதாத் இருப்பாள். அவளிடம் நரெலின் கன்னம் போட்டோவாக இருக்கிறது.

மார்ச் மாதம் எடுத்த போட்டோ. "ஓரம் ஒழுங்கா இல்ல நரெல்," என்று அன்றைக்கு டாக்டர் சொன்னாள். "இப்பவே பயப்பட ஒண்ணுமில்ல. மூணு மாசம் கழிச்சுப் போட்டோவையும் கன்னத்தையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம். அதுவரைக்கும் சன்ஸ்கிரீனைத் தவிர எதையும் அது மேல தடவாதீங்க." நரெல் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்கு வந்து அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. புருஷன் மெர்விடம்கூட இல்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம். அவளுடைய அப்பா கரும்பு வெட்டியவர். காதில் வந்த புள்ளியைக் கொசுக்கடி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பாதிக் காது போயிற்று. பிறகு கழுத்தில் கட்டி வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவரே போய்விட்டார். நரெலுக்கு இப்போது அறுபத்திரண்டு. அப்பாவைத் தாண்டிய அந்த நான்கு வருடங்களையும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப்போலத்தான் அவள் கையில் வைத்திருந்தாள். எப்போது திருப்பிக் கேட்பார்களோ என்ற நினைப்பு அவளை விட்டதில்லை.

வெயிலோடு அவளுக்கு உள்ள உறவு பழையது. பதினேழு வயதில் ஆல்வா கடற்கரையில் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, இந்தப் பக்கம் அரை மணி, அந்தப் பக்கம் அரை மணி என்று மணி பார்த்துப் பொரிபட்டவள். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் அழகு. பிறகு பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட வாசலில் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளைச் சாலை கடக்கச் செய்கிற வேலை. அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, மூக்கில் வெள்ளைத் துத்தநாகப் பூச்சு, வாசல் கதவருகே அமுக்கும் பாட்டிலில் சன்ஸ்கிரீன். இத்தனை ஒழுக்கமும் வெயில் தன் வேலையை முடித்த பிறகு வந்த ஒழுக்கம்.

மே மாதம் மகள் ப்ரியோனிக்குக் கல்யாணம். ஏப்ரலில் மருந்துக்கடை ஷர்லீன், முப்பது வருடச் சிநேகிதி, கல்லாவைத் தாண்டிக் குனிந்து கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.

"அடியே, கல்யாணப் போட்டோல உனக்கு முன்னாடி உன் புள்ளிதான்டி வந்து நிக்கும். இந்தா, இந்தக் கிரீம் குழாயை எடுத்துட்டுப் போ. சாயங்காலம் மூஞ்சியக் கழுவிட்டுப் பட்டாணி அளவு, புள்ளி மேல மட்டும். காலைல சன்ஸ்கிரீனை மறந்தா நான் பொறுப்பில்ல."

"டாக்டர் யார்கிட்டயாவது காட்டணுமா?" என்று நரெல் ஒப்புக்குக் கேட்டாள்.

"ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே. இல்லடி."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. ஷர்லீன்மேல் குற்றமே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, கழுத்தைப் பிடித்து டாக்டரிடம் தள்ளியிருப்பாள்.

கிரீம் சொன்னபடி வேலை செய்தது. கல்யாணத்தன்று புள்ளி பால் விட்ட டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. "என் பொண்டாட்டியக் காணோம், நீ யாரும்மா?" என்று மெர்வ் கேட்டுவிட்டுக் கண்ணடித்தான். நரெலுக்குப் பெருமை. அதைவிட நிம்மதி. மங்குகிறது என்றால் போகிறது என்றுதானே அர்த்தம்? போகிற ஒன்று எப்படிக் கெட்டதாக இருக்கும்?

ஜூன் இரண்டாம் வாரம் வண்டியிலிருந்து மெசேஜ் வந்ததும் அந்த நிம்மதி ஒரே நொடியில் வடிந்தது. டாக்டர் போட்டோவைத் திறப்பாள், கன்னத்தைப் பார்ப்பாள், புள்ளி எங்கே என்று கேட்பாள். புற்றுநோயை நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதனால் டாக்டரின் திட்டை நினைத்துப் பயந்தாள். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் புருவப் பென்சில்.

காலை வேலையில் தொப்பியைக் கன்னம்வரை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்படியும் டில்லி என்ற முதல் வகுப்புச் சிறுமி, பாதிச் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "மிஸ், உங்க கன்னத்துல சாக்லேட்டு ஒட்டியிருக்கு."

"நீ சாலையப் பாத்து நடடி கண்ணு," என்றாள் நரெல். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

வண்டிக்குள் குளிர்ந்த காற்று. டாக்டர் ஹதாத் திரையில் போட்டோவைத் திறந்தாள். கன்னத்தைப் பார்த்தாள். பிறகு, எல்லோருக்கும் செய்வதுபோல, ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சை எடுத்து ஒரு முறை துடைத்தாள்.

புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது.

டாக்டர் பஞ்சைப் பார்த்தாள். நரெலைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவே இல்லை.

"என்ன தடவினீங்க? எத்தன நாளா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

நரெல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கல்யாணம், பட்டாணி அளவு, பென்சில், கடைசியில் அப்பாவின் காதுவரை. டாக்டர் உருப்பெருக்கியைக் கன்னத்தில் வைத்து அழுத்தி வெகுநேரம் பார்த்தாள்.

"நிறம்தான் போயிருக்கு நரெல். அதோட எல்லை எங்கன்னு என்னால தெளிவா சொல்ல முடியல. போட்டோல இருந்தத விட அகலமா இருக்குன்னு தோணுது. கொஞ்சம் எடுத்து அனுப்பறேன்."

ஊசி போட்டார்கள், சின்னத் துண்டு வெட்டினார்கள், தையல் போட்டு வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டினார்கள். கிளம்பும்போது டாக்டர் சொன்னதை நரெல் முன்பே அறிவாள். ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

"ஒண்ணுமில்லன்னா மெசேஜ் வரும். பேச வேண்டியது இருந்தா நானே போன் பண்றேன்."

அன்று சாயங்காலம் மெர்விடம் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான். "மூணு மாசமாவா தனியா வெச்சிட்டிருந்த?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வி அவளைப் பிய்த்துப்போட்டது.

அறுவடைக்கு முன்னால் கரும்புத் தோட்டங்களில் தீ வைக்கிற பருவம் தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் கருஞ்சாம்பல் உதிர்ந்தது. துணி காயப்போடும்போது முழங்கையில் கறுப்பாக ஏதோ தெரிய, நரெலுக்கு உயிர் போய் வந்தது. ஊதினாள், பறந்தது. அன்று முழுவதும் கையையும் காலையும் ஊதிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை போன் ஒருமுறை துடித்தது. மெசேஜ்! கடவுளே என்று எடுத்தால், 'பால் தீர்ந்துபோச்சு' என்று மெர்வ்.

"இனிமே உனக்குப் பால் வேணும்னா நேர்ல வந்து கேளுய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் மெர்வின் கையை விடவில்லை.

அடுத்த செவ்வாய், மதியம் மூன்று மணி. பள்ளி விட்டது. நரெல் விசில் ஊதி, பலகையைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவே நின்றாள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. குழந்தைகள் கூட்டமாக இறங்கினார்கள். அப்போது சட்டைப்பையில் போன் துடித்தது.

ஒருமுறை துடித்து நின்றுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள். அது நிற்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. அவள் கையில் பலகை அசையவில்லை. கடைசியாக டில்லி, ஷூ நாடா அவிழ்ந்த காலோடு நிதானமாக நடந்து போனாள். அவள் நடைபாதையில் ஏறிய பிறகுதான் நரெல் ஓரத்துக்கு வந்து பலகையை இறக்கினாள்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"நரெல், ஹதாத் பேசறேன். உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுட்டிருக்கேன் டாக்டர். என் வேலையே நிக்கறதுதான்."

"நாம பயந்ததுதான் நரெல். ஆனா ஆழமாப் போகல, மேலாகத்தான் இருக்கு. எடுத்துடலாம். எல்லை தெரியாததால கொஞ்சம் பெருசாவே வெட்ட வேண்டியிருக்கும். வியாழக்கிழமை டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரிக்கு வாங்க. மெர்வையும் கூட்டிட்டு வாங்க."

சரி என்றாள். எவ்வளவு பெரிது என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு, பிளாஸ்டரைச் சுற்றித் தன் கன்னத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். கிரீமின் தயவில், நாற்பது வருடத்தில் அது இவ்வளவு வழுவழுப்பாக இருந்ததே இல்லை.