லைன்மேன் கலியபெருமாளின் ஜப்பான்

டிபன் பாக்ஸைத் திறந்ததும் கலியபெருமாள் சோற்றில் கை வைப்பதில்லை. மூடியை நிமிர்த்தி, அதன்மேல் கைபேசியைச் சாய்த்து, வெயில் படாத பக்கமாகத் திருப்பி, ஜப்பானைப் போட்ட பிறகுதான் முதல் கவளம். செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் சாலையில், டிரான்ஸ்பார்மருக்கு எதிரே புங்கமர நிழலில் பகல் ஒரு மணிக்கு இது தினமும் நடக்கும். நேற்றைய படத்தில் பனி கொட்டும் ஊரில் ஒரு அம்மாள் முள்ளங்கி காயப்போட்டாள். இன்று வயல் தவளை.

ஜப்பான்காரர் ஏதோ மெல்லச் சொல்ல, கீழே எந்திரம் மொழிபெயர்த்த தமிழ் ஓடுகிறது: ‘அவர் இப்போது பதவி ஏற்கிறார்.’ தவளை முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.

“அது கெடக்குது. இன்னா பண்ணுதுன்னு கண்ணுக்குத் தெரியுதில்ல?” என்பார்.

இருபத்தெட்டு வருஷமாகக் கம்பம் ஏறுகிறவர். ஊர் அவரிடம் கத்தித்தான் பேசும். “கரண்ட் போச்சின்னா என்னத் திட்றாங்க. வந்துச்சின்னா ஃபேன போட்டுக்கினு தூங்கிடறாங்க.” மூன்று வருஷத்துக்கு முன் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தபோது, டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு பிரஷர் ஏறியது. மகள் ரஞ்சனி கைபேசியில் எதையோ தேடிக் கொடுத்தாள். “நைனா, இதப் பாரு. இதுல யாருமே கத்தமாட்டாங்க.” அன்று ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் மூங்கில் கூடை பின்னினார். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கலியபெருமாள் மாத்திரை சாப்பிடவே மறந்து பார்த்தார்.

அதிலிருந்து வெண்டைக்காயை ஒரே அளவில் நறுக்குகிறார். துண்டை நாலாக மடித்து, மடிப்பைத் தடவிவிடுகிறார். “கொழம்பு கொதிக்கறதுக்குள்ள பொழுதே போயிடுது” என்று மனைவி அன்புக்கரசி அலுத்துக்கொள்வாள். ஆனாலும் குரங்குகள் வெந்நீர்க் குளத்தில் உட்காரும் படம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு அவளும் வந்துவிடுவாள்.

ஜப்பான்மீது அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. பெரிய நகரம் ஒன்றில் காக்கைகள் துணி மாட்டும் கம்பிகளைத் திருடி மின்கம்பத்தில் கூடு கட்டுகின்றன. அழுக்கில்லாத சட்டை போட்ட லைன்மேன் ஒருவர் ஏறி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியில் வைக்கிறார். அடுத்த காட்சியில் கடல் வந்துவிடுகிறது. ஐந்து தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். “அந்தப் பொட்டி எங்க போச்சின்னு காட்டவே இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் சொன்னார்: “அவனாவது பொட்டியில வச்சான். நான் எத்தினிய கீழ தள்ளிட்டிருக்கேன். எங்க வுழுந்துச்சின்னு குனிஞ்சிகூட பாத்ததில்ல.”

இந்தச் சித்திரையில் மூன்று நாளாகக் காற்று அடித்தபோதெல்லாம் சிங்கவரம் லைன் போனது. ஆனந்தராஜுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டை. நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். காய் பிடிக்கும் நேரத்தில் மோட்டார் ஓடவில்லை. போனில் கத்தினான். கலியபெருமாள் வந்து, டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டு, அவன் வயலோரக் கம்பத்தில் ஏறினார்.

மேலே காக்கைக்கூடு. பாதி சுள்ளி, பாதி அலுமினியக் கம்பித் துண்டு. அந்தத் துண்டுகளைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. அவரே வெட்டிப் போட்டுவிட்டுப் போனவை. உள்ளே மூன்று குஞ்சுகள். அவர் நிழல் விழுந்ததும் தாய் என்று நினைத்துச் சிவந்த வாயைத் திறந்தன.

“தள்ளிவுடுண்ணே! செடி வாடுது!”

“அஞ்சு நிமிஷம்டா.”

“மூணு நாளா இதத்தான் சொல்ற!”

காக்கை வந்து தொப்பியில் கொத்தியது. அவர் தொப்பியைக் கழற்றி, கூட்டோடு குஞ்சுகளை அதற்குள் வைத்தார். அடுத்த கொத்து வெறுந்தலையில் விழுந்தது. ரத்தம் காதோரம் வழிய இறங்கி வந்தார்.

“இன்னாண்ணே, காக்காவுக்கு வேற வூடு பாக்கப் போறியா?”

“பழைய கூடை இருந்தா எட்றா.”

ஆனந்தராஜ் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தான். கலியபெருமாள் கம்பித் துண்டுகளை உருவி எறிந்துவிட்டு, கூட்டைக் கூடையில் வைத்து, பத்தடி தள்ளியிருந்த வேப்பமரத்தில் ஏறிக் கட்டினார். சுவிட்சை ஏற்றியதும் மோட்டார் ஓடியது. வேலை முடிந்தது, ஆனாலும் அவர் போகவில்லை.

காக்கை கம்பத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது. வெற்று இடத்தைக் குனிந்து பார்த்துக் கரைந்தது. வேப்பமரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஆபீஸிலிருந்து போன் வந்தது. “இங்க கொஞ்சம் வேல பாக்கி இருக்குது சார்” என்றார்.

மடை மாற்றிவிட்டு, சேற்றுக் கையோடு ஆனந்தராஜும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “கை பட்டுச்சின்னா சேத்துக்காதுன்னு சொல்வாங்களே” என்றான். இப்போது அவன் குரலில் கோபம் இல்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறையில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குஞ்சுகளின் சத்தம் அடங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கூடைக்குள் ஒரு குஞ்சு மட்டும் கீச்சிட்டது. கம்பத்திலிருந்த காக்கை தலையைச் சாய்த்தது. வேப்பங்கிளைக்கு வந்தது. ஒரு கிளை இறங்கியது. பிறகு கூடையின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்தது. மூன்று சிவந்த வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

ஆனந்தராஜ் ஏதோ சொல்ல வந்தான். கலியபெருமாள் அவன் முழங்காலில் கை வைத்து அழுத்தினார்.

பிறகு எழுந்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து மெதுவாக இறக்கினார். சாவியைப் போடவில்லை. தார்ச்சாலை வரைக்கும் அந்த மண்பாதை முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஆனந்தராஜ் பின்னாலிருந்து கை கொடுத்தான்.