அமைச்சருக்காகக் கண்ணபிரான் எழுதிய கடிதம்

கோவில்பட்டியில் அமைச்சரின் அலுவலகத்துக்கு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது கண்ணபிரானின் வேலை. நாகலாபுரம் பக்கத்தில் ஆடு மேய்க்கும் குடும்பம். அதில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். போவதற்குக் காலைப் பேருந்து விட்டவர் இந்த அமைச்சர். அது ஒன்று போதும், அவர்மேல் யார் கைவைத்தாலும் அவனுக்குப் பொறுக்காது.

காவல் துறை அவர் பொறுப்பில் இருந்தது. விசாரணைக்குப் போனவர்கள் அடிபட்டுத் திரும்பிய செய்திகள் அடுத்தடுத்து வரவே, அவரைக் குறிவைத்து எதிர்க்கட்சிகள் அமைச்சரவைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. டீக்கடையில் பேச்சு வந்தால் கண்ணபிரான் விடமாட்டான்.

"ஏதோ ஒரு ஸ்டேஷன்ல ஒருத்தன் கைநீட்டுனா சென்னையில இருக்கவரு என்ன செய்வாரு? எங்க ஊருக்கு பஸ் விட்டது யாரு?"

"பஸ்ஸ விட்டவரு போலீஸையும் சேத்துல்லாடே அவுத்து விட்டுட்டாரு" என்று கடைக்கார மாயகிருஷ்ணன் சிரிப்பார்.

அந்த வாரமே அவன் அத்தான் முத்துசெல்வத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காட்டில் அவர் அடைத்திருந்த மந்தையில் நான்கு ஆடுகளுக்குக் காதில் வெட்டியிருந்த அடையாளம் வேறு. திருட்டு ஆடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவை சுல்தான் பாய் வாரத்துக்கு விட்டவை. போடுகிற குட்டியில் பாதி பாய்க்கு, பாதி மேய்ப்பவருக்கு. காதில் உடையவரின் அடையாளம்தான் இருக்கும். பாய் நேரில் போய்ச் சொல்லி மீட்டு வருவதற்குள் அத்தானின் வலது கை ஒடிந்திருந்தது.

"எழுதுலே. அடிச்சவன் பேரப் போட்டு எழுது" என்றாள் அக்கா சத்தியபாமா.

அமைச்சரின் உதவியாளர் சதீஷ்குமார் வேறு வழி சொன்னார். "இப்பப் புகார் போனா எதிர்க்கட்சிக்காரன் தூக்கிட்டு ஆடுவான் தம்பி. புகார் ஒண்ணுமில்லன்னு ஒரு கடிதம் வாங்கிக் குடு. ஓட்டெடுப்பு முடிஞ்சதும் இன்ஸ்பெக்டர் மேல நடவடிக்கை. கடிதம் ஃபைல விட்டு வெளிய வராது."

கண்ணபிரான் அக்கா பெயரில் அப்படியே எழுதினான். கணவர் ஆட்டுக் கிடையில் தடுக்கி விழுந்து கை ஒடிந்தது என்றும் எழுதினான். அந்த வரியைச் சதீஷ்குமார் சொல்லவில்லை. நம்பும்படி இருக்கட்டும் என்று அவனாகச் சேர்த்தது. அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

"எல்லாம் எழுதிட்டியாலே?"

"எழுதிட்டேங்கா." அவள் கையெழுத்துப் போட்டாள்.

விவாத நாளில் அலுவலக டிவியில் அமைச்சர் எழுந்தார். "பாதிக்கப்பட்டதாக இவர்கள் சொல்லும் குடும்பமே எழுதியிருக்கிறது" என்று கடிதத்தை வாசித்தார், ஊர்ப் பெயரோடு, அக்காவின் பெயரோடு. தீர்மானம் தோற்றது. வாசலில் வெடி வெடித்தார்கள்.

சதீஷ்குமார் லட்டு நீட்டினார்.

"அந்த இன்ஸ்பெக்டர் விஷயம் அண்ணாச்சி..."

"எந்த விஷயம்? தடுக்கி விழுந்ததுக்கு இன்ஸ்பெக்டர் என்னப்பா செய்வாரு?"

கண்ணபிரான் பேருந்தில் ஏறினான். எட்டயபுரம் வரைக்கும் சதீஷ்குமாரையும் அமைச்சரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் திட்டு நின்றுவிட்டது. அவர்கள் தன்னை ஏமாற்றினார்கள், சரி. அக்காவை ஏமாற்றியது யார்?

வீட்டில் பாயின் மகள் ருமானா இருந்தாள், வக்கீலுக்குப் படிக்கிறவள். மடியில் பாதி எழுதிய புகார். அக்கா அவனை வா என்று கேட்கவில்லை.

"டிவில எம் பேரச் சொன்னாவளே. அவிய விழுந்தத நான் எங்கலே பாத்தேன்?"

எழுதியவரைக்கும் ருமானா வாசித்தாள்: "கடிதத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. எழுதி வாங்கியவன் என் தம்பி கண்ணபிரான்."

"அவன் பேரு வேண்டாம்ட்டி, வேலை போயிரும்" என்றார் அத்தான், கட்டிலில் கிடந்தபடி.

கண்ணபிரான் பேனாவை வாங்கினான். யார் கேட்டு எழுதினான், எந்த அலுவலகத்தில் வைத்து எழுதினான், தடுக்கி விழுந்த வரி யாருடையது, எல்லாவற்றையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான்.

அக்கா காகிதத்தை வாங்கி ருமானாவிடம் கொடுத்தாள்.

"அவன் எழுதுனத மட்டும் ஒருவாட்டி வாசிச்சுச் சொல்லு தாயி."