ஒரு வீடு, இரண்டு அடுப்பு, ஐந்து ஆம்பியர்

மின்சாரக் கணக்கு எவ்வளவு சுலபம் என்று போன மாதம் இதே பக்கத்தில் அளந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் — கம்பி காட்டும் எதிர்ப்பு. இரண்டையும் பெருக்கினால் வாட் — கிடைக்கும் சக்தி. ‘பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு’ என்று வேறு எழுதித் தொலைத்தேன்.

சும்மா இருந்திருக்கலாம்... போன வாரம் திருமயம் பக்கத்திலிருந்து நாச்சியப்பன் என்ற வாசகர் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், அந்தக் கணக்கை எங்க வீட்ல வந்து போட்டுக் குடுங்க. அடுப்பு எங்களைப் படாத பாடு படுத்துது.”

எழுதியவன் தப்பிக்க முடியுமா? போனேன்.

அந்த வீட்டு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். வீடு ஒன்றுதான், சமையல் தனித்தனி. அண்ணன் மனைவி மீனாட்சி ஆச்சிக்கு ஓர் அடுப்படி. தம்பி நாச்சியப்பனின் மனைவி வள்ளியம்மைக்கு ஓர் அடுப்படி. நடுவில் ஒரு சுவர். போதாததற்கு, வள்ளியம்மை சுட்ட வெள்ளைப் பணியாரம் கல் மாதிரி இருக்கிறது என்று ஆச்சி விருந்தாளிகள் முன்னால் சொல்லப்போக, எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

சைகோனில் கடையை மூடிவிட்டுத் திரும்பிய மாமனார், மருமகள்களுக்கு ஆளுக்கொரு எலெக்ட்ரிக் அடுப்பு கொண்டு வந்திருந்தார். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் அவர் அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா?

வள்ளியம்மையின் அடுப்பைத்தான் முதலில் மாட்டினார்களாம். கம்பி சிவந்தது, வெளுத்தது, ஃபியூஸ் போனது. மறுபடி மாட்டினால் மறுபடி போனது. உள்ளூர் வயர்மேன் வந்து, ஃபியூஸில் தடித்த கம்பியாகப் போட்டு, “இனிமே ஃபியூஸ் போகாது” என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். உண்மைதான். இனிமேல் வீடுதான் போகும். முதல் வேலையாக அந்தக் கம்பியைப் பிடுங்கச் சொன்னேன்.

அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு தகடு: 110 வோல்ட், 5 ஆம்பியர். பேனாவை எடுத்தேன். நூற்றுப் பத்தை ஐந்தால் வகுத்தால் இருபத்திரண்டு ஓம். பெருக்கினால் ஐந்நூற்றைம்பது வாட். அது சைகோனில். இங்கே வருவதோ 220 வோல்ட். அதே இருபத்திரண்டு ஓமில் பத்து ஆம்பியர் பாயும். இருநூற்றிருபதைப் பத்தால் பெருக்கினால் இரண்டாயிரத்து இருநூறு வாட்... நாலு மடங்கு!

“இனிமே இது பூந்தொட்டி வைக்கத்தான் ஆகும்” என்று ஜோக் அடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. வள்ளியம்மையின் முகம் வாடிவிட்டது. “சார், அவளுக்கு இழுப்பு” என்றார் நாச்சியப்பன் மெதுவாக. “விறகுப் புகை ஒத்துக்கல. ஒரு ஒலை கொதிக்கிறதுக்குள்ள மூணு தடவை கொல்லைப் பக்கம் போயி மூச்சு வாங்குறா. இதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தோம்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணக்குத் தெரிந்தவனுக்கு வாயை மூடத் தெரியவில்லையே!

மறுபடி தாளைப் பார்த்தேன். இரண்டு அடுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் கோத்தால்? இருபத்திரண்டும் இருபத்திரண்டும் நாற்பத்து நாலு ஓம். இருநூற்றிருபதை அதால் வகுத்தால்... ஐந்து ஆம்பியர். ஒவ்வோர் அடுப்புக்கும் 110 வோல்ட். சைகோனில் எரிந்த மாதிரியே எரியும்.

“ஆனால் ஒரு சங்கடம். எரிந்தால் இரண்டும் எரியும். ஒன்றை அணைத்தால் மற்றதும் அணைந்துவிடும்.”

நாச்சியப்பன் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “வேற கணக்கு ஏதும் இல்லையா சார்?”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆச்சியின் குரல் வந்தது. “எனக்கு வெறகுச் சோறே போதும். கரண்டு அடுப்பு எனக்கு எதுக்கு?”

போச்சு. வள்ளியம்மை இருமிக்கொண்டே எழுந்து உள்ளே போனார். அந்த இருமல் நிற்கவே இல்லை. சற்றுப் பொறுத்து மீண்டும் ஆச்சியின் குரல்:

“ஒயரை வேணும்னா இங்கிட்டு இழுத்து வச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

வயர்மேனைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்று கோக்கச் செய்துவிட்டு ஊர் திரும்பினேன். நிம்மதியில்லை. பேசாத இரண்டு பேரை ஒரே ஒயரில் கட்டிவிட்டு வந்தவனுக்குத் தூக்கம் வருமா?

நேற்று மனசு கேட்காமல் மறுபடி போனேன். நேரே ஆச்சியின் அடுப்படிக்கு. விறகடுப்பில் அவர் சமையல் முடிந்து, இறக்கி மூடி வைத்தாயிற்று. எலெக்ட்ரிக் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு குண்டானில் வெறும் தண்ணீர். வற்ற வற்ற ஆச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வெந்நீர் எதுக்கு ஆச்சி?”

“எதுக்குமில்ல. அடுப்பு சும்மா எரியலாமா?”

“அணைச்சுரலாமே?”

ஆச்சி சுவரைக் கண்ணால் காட்டினார். “அங்கிட்டு இன்னும் ரசம் தாளிச்ச வாசம் வரலையே. நான் அணைச்சா அந்தப் பிள்ளை வெறகுல போயி உக்காந்துக்கிரும்.”

“அப்போ... ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?”

“அவளோட எனக்கென்ன பேச்சு?” என்று சொல்லிவிட்டு, இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினார்.

பேசாமலே இருக்கட்டும், எனக்கொன்றும் கவலையில்லை!